வீரமலையின் பஞ்சும் வின்னிபெக் சுவரும்

எடமலைப்பட்டி புதூரில் வீரமலை வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பஞ்சு வீரமலை என்று கேளுங்கள், டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். அது மெத்தையில் அடைக்கிற பஞ்சு இல்லை என்று ஊருக்குப் புரியவைக்க முப்பத்து நான்கு வருடம் முயன்று, தோற்று, ஓய்வும் பெற்றுவிட்டார் மனிதர்.

மின்நிலையங்களில் இருக்கும் பெரிய பாய்லர்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் ராக்வூல் சுற்றுவது அவர் தொழில். கல்லை உருக்கி, நூலாக இழுத்து, பஞ்சாகச் சேர்த்த சரக்கு அது. கேட்பவர்கள் நம்பாமல் பார்த்தால், "ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல பஞ்சு மிட்டாய் சுத்துறதைப் பாத்திருக்கீங்கல்ல? அதேதான். சர்க்கரைக்குப் பதிலா கல்லு" என்பார். உள்ளே ஐந்நூறு டிகிரி கொதித்தாலும் அவர் சுற்றிய குழாயின் மேல் கை வைக்கலாம். அப்படி ஒருநாள் சுற்றிக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்ததில் இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

நான் அவர் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். பெயர் ஜூட். ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்ற தனி ஆள். ஊர் ஊராகப் போய் அடுத்தவன் சூட்டையெல்லாம் அடக்கிய இந்த மனிதர், என் தலைக்கு மேலே ஒரு சாண் பஞ்சு வைக்கவில்லை. சித்திரையில் காலையில் வாங்கி வைத்த வாழைப்பழம் என் அறையில் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை, "மேல சௌகரியமா இருக்கா சார்?" என்று கேட்பார். "ரொம்ப சௌகரியம்ங்க" என்று பல்லைக் காட்டுவேன். வீட்டுக்காரர் மோசமானவராக இருந்தால் சண்டை போடலாம். இவர் நல்லவர், என்ன செய்வது?

அவர் மனைவி அமிர்தத்துக்கு அந்தப் பஞ்சு ஜென்ம விரோதி. அதன் பொடி நூல் துணியில் ஏறினால் வீடே சொறிந்துகொண்டு நிற்கும். முப்பத்து நான்கு வருடம் புருஷன் உடுப்பைத் தனி வாளியில், தனிக் கல்லில் துவைத்தவர். வேலை முடிந்து வந்தால் கொல்லைப்புறம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். தீட்டு வீட்டுக்குக்கூட இத்தனை கெடுபிடி கிடையாது.

இவர்களுக்கு ஒரே மகள், வேணி. கல்யாணத்தன்று ஸ்ரீரங்கத்துச் சம்பந்தி சின்னையன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பத்துப் பேர் நடுவில், "சம்பந்திக்குப் பஞ்சு வியாபாரம்" என்று அறிமுகப்படுத்தினார். அடுத்த வாரமே போன் செய்து, "நல்ல இலவம் பஞ்சா பாத்து ரெண்டு தலகாணி தைச்சு அனுப்புங்களேன்" என்றார். வீரமலை ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. கடையில் வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

வேணியும் மாப்பிள்ளை பூவரசனும் கனடாவில் வின்னிபெக் என்ற ஊருக்குப் போய், போன வருடம் ஒரு பழைய மர வீட்டை வாங்கினார்கள். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் முப்பத்தைந்து. பேத்தியின் அறைச் சுவரில் உள்பக்கமே பனி படிந்துவிட்டது. குழந்தை மூன்று மாதம் விடாமல் இருமியது. அந்த இருமலை வீடியோவில் கேட்டுவிட்டு அமிர்தம் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார். வீரமலை எதுவும் செய்ய முடியாமல் தெருவில் நடந்துவிட்டு வருவார்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் பூவரசன் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். அங்கே முந்தின நாள் சாயங்காலம். அந்த அறைச் சுவரின் பலகைகளைக் கழற்றிவிட்டாராம். குளிர் வருவதற்குள் சுவருக்குள் ஏதாவது அடைத்து மூட வேண்டும். கண்ணாடிப் பஞ்சா, ஃபோம் நுரையா, ராக்வூலா?

"உங்களைவிட இது யாருக்குத் தெரியும் மாமா? நீங்க சொல்றதுதான்" என்றார் மாப்பிள்ளை.

பேப்பர் வாங்க இறங்கி வந்திருந்த என் கையில் வீரமலை போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடத்தில் அவரிடம் இந்தக் கேள்வியை வீட்டு ஆள் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்கு வீடியோவில் செய்முறை விளக்கம். கேமராமேன் நான். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. ஓய்வு பெற்ற அன்று கேட்டு வாங்கிவந்த ராக்வூல் துண்டு அதற்குள் இருந்தது. அதைக் கேஸ் அடுப்பில், எரிகிற நெருப்பின் மேலே வைத்து, அதன் தலையில் தன் உள்ளங்கையையும் வைத்தார்.

"பாருங்க மாப்ள! கீழ நெருப்பு, மேல கை. கண்ணாடிப் பஞ்சு இந்நேரம் உருகியிருக்கும். நுரைன்னா வீடே புகையா போயிருக்கும். இது அசையாது. தண்ணி ஊத்தினா உருண்டு ஓடும், குடிக்காது. சுவருக்குள்ள நிறுத்தினா சரியாம நிக்கும். வெட்டறதுக்கு ரொட்டி வெட்டற கத்தியே போதும்."

பஞ்சைப் பிணைத்திருக்கும் பிசின் கருகிய நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த அமிர்தம் அடுப்பைப் பார்த்தார்.

"பால் காய்ச்சற அடுப்புல அந்தச் சனியனை வச்சிருக்கீங்களா? இதையா என் பேத்தி ரூம்ல வைக்கச் சொல்றீங்க? குழந்தை சொறிஞ்சே செத்துப்போயிடும்!"

"மூடிட்டா ஒண்ணும் பண்ணாதுடி. வைக்கிறப்ப கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை. அவ்வளவுதான்."

"முப்பது வருஷம் துவைச்சவளுக்குத் தெரியும்!"

மாப்பிள்ளை நடுவில் மெல்ல, "இங்க மைனஸ் முப்பத்தஞ்சுங்க மாமா, தாங்குமா?" என்றார்.

"உள்ள இருபது, வெளியே மைனஸ் முப்பத்தஞ்சு. வித்தியாசம் எவ்வளவு? ஐம்பத்தஞ்சு. ஐம்பத்தஞ்சுக்கெல்லாம் நாங்க சாக்குதான் மாப்ள சுத்துவோம்!"

ராக்வூல் என்று முடிவாயிற்று. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பூவரசன் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக் காட்டி, ஈரம் தடுக்க இதையும் சுவரில் அடிக்க வேண்டும், எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"வெளிப்பக்கம்! முதல்ல பஞ்சு, அதுக்கு மேல அலுமினியத் தகடு. எந்த பாய்லர்லயாவது தகடு உள்ள இருந்து பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க மாமா... இங்க உள்பக்கம்னு ஏதோ சொல்றாங்க..."

"சொல்றவன் பாய்லர் மேல ஏறினவனா?"

"சரிங்க மாமா."

எனக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. ஆய்வகத்தில் முப்பது வருடம் குடுவை கழுவியவனுக்கு எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் வேர்க்கும் என்று தெரியாதா? ஆனால் வாடகைக்கு இருப்பவனுக்குச் சந்தேகம் வரலாம், வாய் வரக் கூடாது. நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை பலகை அடித்துச் சுவரை மூடிவிடுவதாக மாப்பிள்ளை சொன்னார்.

அடுத்த மூன்று நாள் வீரமலையின் நடையே வேறு. இழுக்கிற கால்கூட எட்டிப்போட்டது. டீக்கடையில், "கனடாவுல நம்ம வேலை ஒண்ணு நடக்குது" என்றார். சம்பந்திக்குத் தானே போன் செய்து தலையணை சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தார். அந்தக் குரலில் இருந்த நக்கல் சம்பந்திக்குப் புரிந்ததா தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எனக்காகச் சப்பாத்தி. அமிர்தம் ஹாட்பாக்ஸைத் திறந்ததும் மூடியின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே இருந்த இரண்டு சப்பாத்தியும் ஊறிப்போயிருந்தன.

"ஐயோ, மேல துணி போட மறந்துட்டேன். சூட்டுல ஆவி கிளம்பி, போக வழியில்லாம மூடியில முட்டி வேர்த்துடுது பாருங்க தம்பி" என்றார் என்னிடம்.

வீரமலை மூடியைக் கையில் வாங்கினார். உள்பக்கம் தடவினார். வெளிப்பக்கம் தடவினார். அமிர்தம் குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "வேணி வீட்டுலயும் உள்ளதான சூடு? குளிக்கிறது, சமைக்கிறது, மூச்சு விடறது, அந்த ஆவியெல்லாம் எங்க போகும்?"

வீரமலை மூடியைக் கீழே வைத்தார். பாய்லரின் தகடு வேர்க்காது, ஆவி இரும்புக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் பஞ்சுக்குள் ஈரமே வராது. இந்த வீட்டில் ஆவி பஞ்சுக்குள் புகுந்து, பனி மாதிரி குளிர்ந்த வெளித்தாளில் முட்டி, தண்ணீராகி, சுவருக்குள்ளேயே நிற்கும். மரம் ஊறும். பூஞ்சை பூக்கும். அதன் ஓரத்தில் பேத்தியின் தொட்டில். சந்தேகம் வந்தும் சொல்லாமல் இருந்த என்னைக் கண்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

வீரமலை சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இருந்த ஒரே பெருமை. அதை யாரிடம் போய்த் தூக்கிக் கொடுப்பது? மாப்பிள்ளையிடம். சாயங்காலம் முழுக்க, "மாப்ளகிட்ட எப்படிங்க தப்புன்னு சொல்றது? அவங்க அப்பா காதுக்குப் போகாம இருக்குமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அமிர்தம்தான் உள்ளேயிருந்து, "குழந்தை இருமினா உங்க பெருமை வந்து தைலம் தடவுமா?" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் இறங்கி வந்தபோது வீரமலை தயாராக உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. பெண் கொடுத்தபோது உடுத்தியிருந்த அதே பட்டுக்கரை. அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்; போன் திரையில் பூவரசனும் வேணியும் வந்தார்கள்.

"மாப்ள, நான் தப்பா சொல்லிட்டேன். ஷீட்டு உள்பக்கம்தான் வரணும். அடிச்சதைப் பிரிச்சுடுங்க. நான் பாய்லர் பாத்தவன், வீடு பாத்ததில்ல. என்னை மன்னிச்சுடுங்க."

பூவரசன் வேணியைப் பார்த்தார். வேணி கூரையைப் பார்த்தாள்.

"மாமா... கோவிச்சுக்காதீங்க. நான் உள்பக்கம்தான் அடிச்சிருக்கேன். இங்க அதுதான் சட்டம். நேத்தே நகராட்சி ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அன்னைக்கு சரிங்க மாமான்னு சொன்னீங்களே?"

"உங்ககிட்ட போய் எப்படிங்க மாமா..."

"அவருக்குப் பயம்பா" என்றாள் வேணி. "நீங்க வருத்தப்படுவீங்கன்னு. எனக்கும்தான்."

வீரமலை நிம்மதியாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் அவர் குரலை உயர்த்திக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் கால் எப்படிப் போச்சு தெரியுமா மாப்ள? வேணிக்குக்கூடச் சொன்னதில்ல. நாப்பது அடி உயரத்துல சாரத்துப் பலகையில கட்டு தளர்ந்திருந்தது. கூட வேலை பாத்த தமிழ்மணி காலையிலேயே பாத்துட்டான். கட்டினது நான், அவனுக்கு மேஸ்திரி. மேஸ்திரிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்துட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதான். பலகையால போன கால் இல்ல இது. மரியாதையால போன கால். நான் தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க மாப்ள. எனக்கு அந்த மரியாதை போதும்!"

பூவரசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப இன்னொண்ணும் சொல்லிடறேன் மாமா. ராக்வூலை நீங்க சொன்ன மாதிரி ரொட்டிக் கத்தியாலதான் வெட்டினேன். அருமையா வெட்டுது. நெருப்புல வச்சுக் காமிச்சீங்கல்ல, அதனாலதான் நான் நுரை வேண்டாம்னு விட்டேன். கடைக்காரன்கூட அப்படிச் சொல்லலை. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், மாமா செஞ்சது தலகாணி வேலை இல்லன்னு."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"அப்பவே ஏன் சொல்லலைன்னு திட்டினாரு."

வீரமலை சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அமிர்தம் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மாப்பிள்ளை கையில் அரிப்பு இருக்கிறதா, தேங்காய் எண்ணெய் தடவினாரா, துணியைத் தனியாகத் துவைத்தார்களா என்று பத்து நிமிடம் விசாரித்தார்.

அழைப்பு முடிந்தது. உண்மை பேசுகிற காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"சார், நானும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மேல வேகுதுங்க. ஆறு வருஷமா வேகுது."

அவர் என்னையே பார்த்தார். எழுந்து, காலை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே போனேன். மணி எட்டுகூட ஆகவில்லை. அறைக்குள் நின்று, கையை உயர்த்திக் கூரைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பட்டுக்கரை வேட்டிக்காரரின் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து இறங்கியது.

"ஆறு வருஷமாவா?" என்றார்.

"ஆறு வருஷமா."

"மாசா மாசம் கேட்டேனேய்யா!"

படியில் நின்று கீழே பார்த்துக் கத்தினார். "அமிர்தம்! அந்த அளக்கிற டேப்பை எடு! மாடிக்கு ராக்வூல் போடப்போறேன்!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"போடுங்க. தாள் எந்தப் பக்கம்னு மட்டும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க."