மழையில் தூக்கிய ஜாடி

"காலேஜுக்குப் போன கை. ஊறுகா எங்க நிக்கும்? பூசணம் பூத்துடும், பாரு."

நான் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னது இது. அப்பாவின் தங்கை, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறவள். வருஷா வருஷம் எங்களுக்கு ஊறுகாய் அவள் ஜாடியிலிருந்துதான் வரும். இந்த வருஷம் எங்கள் எலுமிச்சை மரமே காய்த்துத் தள்ளியதால், நான் போடுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவளும் பட்டம் வாங்கியவளும் நான். உப்பும் எலுமிச்சையும் எனக்கு அடங்காமலா போகும்?

உப்பில் புரட்டி ஜாடியில் போட்டு, அதன் வாயைத் துணியால் கட்டி, மாடி வெயிலில் வைத்தேன். தோல் மெத்தென்று ஆகத் தொடங்கியபோது நான் தூரமானேன். மாதவிலக்கு நாட்களில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகும் என்பார்கள். கிளறும் வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டேன்.

மறுநாள் அம்மா கரும்புக்காட்டுக்குப் போயிருந்தாள். கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்து, தூறல் விழுந்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அத்தனையும் வீண். ஓடிப்போய் ஜாடியை அணைத்துத் தூக்கிவந்தேன். நனைந்த துணியை மாற்றிக் கட்டி நிமிர்ந்தால், எதிரே அத்தை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வந்ததும் ஜாடியைத் தொட்டதை நானே சொன்னேன். அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குழிக்கு நடந்தாள். என்னைப் படிக்கவைக்கச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நின்ற அம்மா!

"கொட்டாதீங்க அண்ணி," என்று குறுக்கே வந்தாள் அத்தை.

"தூரமானவ தொட்டா கெட்டுப்பூடும்னு நீதான சொல்லிகினு இருப்ப?"

"சொல்லுவேன். இத்தினி வருஷமா நீங்க துன்னது யாரு போட்டது? நான் ஒண்டிக்கட்ட. அந்த நாள்ல என் ஜாடிய கிளற உளுந்தூர்பேட்டையிலேர்ந்தா ஆள் வரும்?"

அம்மா ஜாடியோடு அப்படியே நின்றாள். நான் பெரியவளான அன்று, "ஜாடிகிட்ட போவாத" என்று எனக்கு முதலில் சொன்னவளே இந்த அத்தைதான்.

"அப்ப என்னை மட்டும் ஏன் அத்தை தள்ளி உக்கார வச்ச?"

"நெசத்த சொன்னா என் ஊறுகாய எவ வாயில வப்பா?"

"நல்லா துன்ன வச்ச, போ," என்றாள் அம்மா. ஆனால் ஜாடியைத் திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஊறுகாய் கெடவில்லை, அத்தையே கேட்டு வாங்கிப் போனாள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த முறை தூரமான அன்றே எங்கள் வீட்டு மாமரத்தில் காய் பறித்து, தெருவாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, கேட்டவர்களிடம் தூரமென்று சொல்லியே, நறுக்கி உப்புப் போட்டேன்.