ஏழு மாதம் மிச்சமிருந்த புதன்கிழமை

இல்லை, மாலி கத்தவில்லை. கத்தியது நான்.

தாய்லாந்துப் பெண்களோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சமையலறை, குளியலறை, அலுவலகங்கள். மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவதற்கு ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். 1996 மார்ச், ஒரு புதன்கிழமை. சுவிஸில், துன் நகரத்திலிருந்து ஒரு மலைக் கிராமத்துக்கு. கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கையில் 'N' எழுத்துக் கார்ட். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்களுக்குக் கொடுப்பது. பணியாளர் வீட்டில் ஏழு அறை, ஒரு சமையலறை. ஆறு பேர் தாய்லாந்துப் பெண்கள். ஏழாவது நான். மாலிக்கு முப்பத்தொரு வயது. எனக்குப் பக்கத்து இயந்திரம், பக்கத்து அறை.

சுலபமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள், அது நமக்கும் பழக்கம்தான். யாரையும் நோக்கிக் காலை நீட்டி உட்காராதீர்கள். விளையாட்டாகக்கூட அவர்கள் தலையில் தட்டாதீர்கள். உள்ளாடைகளைக் கொடியில் உயரத்தில் காயப்போடாதீர்கள், தலைக்கு மேலே அது தொங்கக் கூடாது. நடைவழியின் மூலையில் ஒரு சின்னப் பலகையும் அதில் சிவப்பு ஃபான்டாவும் ஊதுபத்தியும் இருந்தால் அந்த ஃபான்டா உங்களுக்கு இல்லை. அவர்கள் மீன் சோஸ் மணக்கும், உங்கள் கருவாடும் மணக்கும். கீழ்வீட்டுக்காரர் இரண்டையும் பற்றி ஒரே கடிதத்தில்தான் முறையிடுவார்.

அவர்கள் சண்டை பிடிக்க மாட்டார்கள். கோபம் வந்தால் குரல் இறங்கும், சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். பயம் என்றும் எடுக்காதீர்கள். நான் பயம் என்று எடுத்தேன்.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வரி. ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிய சிவா அண்ணை என்னைக் காணும்போதெல்லாம் இதைத்தான் கேட்பார்.

"என்ன தங்கச்சி, தாய்லாந்துக்காரியளோடயே இருக்கிறாய்? நாலு சனம் என்ன கதைக்கும்?"

"அண்ணை, மாலி சமைச்ச சோத்தைக் கிழமையில மூண்டு நாள் சாப்பிடுறது ஆர்?"

"அது பசிக்கு."

"அப்ப இது குளிருக்கு. எனக்கும் ஒரு அறை வேணும்தானே."

அந்தப் பெண்கள் எதற்காக இந்த நாட்டுக்கு வந்தவர்கள் என்று நம்மவர்களுக்கு எல்லாம் தெரியும். கேட்காமலே தெரியும். அந்தத் தெரிதலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே தெரிதல் என்னிடமும் வேறு உருவத்தில் இருந்தது. அதையும்தான்.

மாலி ஒரு சுவிஸ்காரரைக் கலியாணம் செய்து வந்தவள். பெயர் வெர்னர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அடிக்கவில்லை. வீட்டுத் தொலைபேசியின் இலக்கத் தட்டில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருந்தார், அவ்வளவுதான். கடவுச்சீட்டைத் தன் மேசை லாச்சியில் வைத்திருந்தார். நான்கு வருடம். முந்தைய ஒக்டோபரில் அவள் இரண்டு பையோடு பணியாளர் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் மட்டும் கிராமத்துக்குப் போய்ச் சமைத்து, வீட்டைத் துடைத்துவிட்டு வருவாள். ஏன் போகிறாய் என்று கேட்டால் சிரிப்பாள். எனக்கு எரியும். அடிமை என்று மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் அவளுடைய விசா முடிகிறது. பி விசா, வருடாவருடம் புதுப்பிப்பது. பதிவு கிராமத்தில் இருப்பதால் அங்கே கிராம அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். படிவம் நான்கு பக்கம், கடைசிப் பக்கத்தில் கணவனின் கையெழுத்தும் வேண்டும். அவளால் ஜெர்மன் பேச முடியும், வாசிக்க முடியாது. வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாள். வாசித்துச் சொல்ல மட்டும்.

துன்னில் 12.33க்கு ரயில். ஸ்பீட்ஸ் பத்து நிமிடம். அங்கே மாறி, பள்ளத்தாக்கு ரயிலில் முப்பத்தாறு நிமிடம். பிறகு மஞ்சள் போஸ்ட் பஸ், நான்கு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். அரைக்கட்டண அட்டையோடு போய்வர ஒருவருக்குப் பதினாறு பிராங்க் நாற்பது. இடது பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும். நான் பார்க்கவில்லை. மாலியின் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டும் சோறும் பொரித்த கோழியும். வெர்னருக்கு.

எங்கள் இருவருக்கும் பொது மொழி உடைந்த ஜெர்மன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அந்தாளுக்கு ஏன் கோழி?" என்றேன்.

"சாப்பிட்டால் கையெழுத்து வைப்பார்."

"சாப்பிடாட்டி?"

"சாப்பிடுவார். அவருக்குக் கோழி விருப்பம்."

பஸ் சாரதி சின்னக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இரண்டு பேரும் தாய்லாந்தோ?"

"இல்லை" என்றேன். அவசரமாக. மாலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெர்னரின் வீடு தரிப்பிடத்திலிருந்து முந்நூறு மீட்டர், ஏற்றம். கதவைத் திறந்தபோது காலுறையோடு நின்றார். தொலைபேசி நடைவழியில் இருந்தது. பூட்டும் அதிலேயே இருந்தது. மாலி டப்பாவைக் கொடுத்தாள். அவர் மேசையில் உட்கார்ந்து தின்றார். நாங்கள் நின்றோம். என்னைக் காட்டி மாலியிடம் கேட்டார்: "இவள் எந்தப் பொம்பிளைக் கத்தலோக்கில வந்தவள்?"

மாலி சிரித்தாள். அவரும் சிரித்தார். விரலைத் துடைத்துவிட்டு, லாச்சியிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்து, நாலாம் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். இருபது நிமிடம். ஒரு வார்த்தை நன்றி இல்லை. "சனிக்கிழமை யன்னலும் துடை" என்றார்.

வெளியே வந்தோம். மாலி கடவுச்சீட்டைச் சட்டையின் உள்பையில் வைத்து ஊசியால் குத்திக்கொண்டாள்.

"இவ்வளவும் கேட்டிட்டுப் பேசாமல் நிண்டாயே" என்றேன்.

"முடிஞ்சுது. இனி அலுவலகம்."

அலுவலகம் தேவாலயத்துக்குக் கீழே. புதன்கிழமை மட்டும், இரண்டு மணியிலிருந்து நாலரை வரை. ஒரு மேசை, ஒரு பெண், ஜன்னலில் ஜெரேனியம் இல்லாத காலிப் பெட்டிகள். நல்ல பெண். படிவத்தைப் புரட்டினாள். நான் வாசித்துச் சொன்னவற்றுக்கு மாலி பதில் சொன்னாள். முகவரி மாறவில்லையா? இல்லை. வேலை துன்னிலா? ஓம். முத்திரையைக் கையில் எடுத்தாயிற்று. மையில் தொட்டாயிற்று.

"எல்லாம் நல்லாப் போகுதுதானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். சும்மா. பஸ் தரிப்பிடத்தில் காலநிலை கேட்பதுபோல.

மாலி சிரித்தாள்.

அங்கேதான் என் வாய் திறந்தது.

ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். நம்மில் யார் இந்த நாட்டுக்கு வந்தாலும் முதல் வாரத்தில் பத்துப் பேர் ஒரே புத்திதான் சொல்வார்கள்: விசாரணையில் ஒன்றையும் விடாதே. நடந்ததெல்லாம் சொல்லு. தேதியோடு சொல்லு. சொல்லாதது நடக்காதது. அழுகை வந்தால் அடக்காதே. நான் அப்படித்தான் ஆறு மணித்தியாலம் சொல்லியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நமது துன்பம் முழுவதும் தெரிந்தால்தான் இருக்க விடுவார்கள். இது எங்களுக்குள் இறங்கிவிட்ட பாடம். மேசை எங்கே இருந்தாலும், கதிரையில் யார் இருந்தாலும் அதையே ஒப்பிப்போம்.

ஒப்பித்தேன். பூட்டு. லாச்சி. கோழி. கத்தலோக். குரல் ஏறியது. நல்லாப் போகுதா என்றா கேட்கிறீர்கள், இந்தப் பெண் அந்த வீட்டில் இருக்கவே இல்லை என்றேன்.

முத்திரை நின்றது. "எப்போதிலிருந்து?"

"பதினான்காம் தேதி ஒக்டோபர்" என்றேன். தேதி தயாராக இருந்தது.

"இப்ப எங்கே இருக்கிறா?"

"துன்னில. என்னோட."

அந்தப் பெண் முத்திரையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். எனக்கு ஒரு வெற்றி உணர்ச்சி. சத்தியமாக. இனி வெர்னரைக் கூப்பிடுவார்கள், பூட்டைக் கழற்றச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மாலியைப் பார்த்தேன். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம்" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "இப்ப நான் மேலே எழுதத்தான் வேணும். சேர்ந்து வாழாத கலியாணத்துக்கு நான் இங்கே முத்திரை குத்த ஏலாது."

பஸ் 15.52க்கு. ஐம்பது நிமிடம் தரிப்பிடத்தில் நின்றோம். பனி உருகிச் சாலை ஓரம் கறுப்பாக இருந்தது. மாலி பையிலிருந்து இன்னொரு சின்னப் பொதி எடுத்தாள். எங்கள் இருவருக்கும் என்று கட்டி வந்த ஒட்டும் சோறு. பாதியை எனக்குத் தந்தாள்.

"ஏழு மாசம்" என்றாள்.

"என்ன ஏழு மாசம்?"

"ஒக்டோபர் வந்தால் கலியாணம் அஞ்சு வருசம். அஞ்சு வருசம் எண்டால் சி விசா. சி வந்தால் வெர்னர் தேவையில்லை. பதினாலு சனிக்கிழமை. எண்ணி வைச்சிருந்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்ல. நீ கோவிச்சுக்கொண்டுதான் இருந்தாய்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாலி. மேசைக்குக் கீழ என்ர காலை மிதிச்சிருக்கலாம்."

"காலால தொடுறதோ?" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது வியப்பாக இருந்தது. பிறகு சொன்னாள்: "உனக்கு ஊரில சண்டை இருக்கு. நீ சொன்னால் கேப்பினம். எனக்குச் சண்டை இல்லை. ஒரு மனுசன் மட்டும்தான்."

அதே சாரதி. "எல்லாம் முடிஞ்சுதோ?" என்றார். "முடிஞ்சுது" என்றாள் மாலி.

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. ஜூன் முடிவுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். போனாள். விமான நிலையத்திலும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது.

யார்மேல் கோபம் என்று இன்றும் வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். கதவில் எழுதிய ஆணின் பெயரில் ஒரு பெண்ணின் இருப்பைக் கொழுவி வைத்த விதிமேல். கோழி தின்ற அந்த வாய்மேல். வரிசை என் பெயரில் வந்துதான் நிற்கிறது. அவள் ஒரு கணக்குப் போட்டு, பொறுத்து, யன்னல் துடைத்து வென்றுகொண்டிருந்தாள். நான் அதைப் பயம் என்று வாசித்தேன். இரண்டு வருடப் பல்கலைக்கழகம் வாசிக்கக் கற்றுத் தந்தது இவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு. மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் மொழிபெயருங்கள். கூடுதலாக ஒரு சொல் வேண்டாம். போவதற்கு முதல் நாள் கேளுங்கள்: உன் விசாவில் என்ன எழுத்து, எத்தனை வருடம் முடிந்தது, எதைச் சொல்லக் கூடாது. மூன்றாவதை நேராகக் கேட்டால் சிரிப்பார்கள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, வேறு எதையாவது மடித்துக்கொண்டு, இரண்டாம் தரம் கேளுங்கள். உங்களைக் காப்பாற்றிய கதை அவளை அனுப்பிவிடும். கிராம அலுவலகங்கள் கிழமையில் ஒரு நாள்தான் திறக்கும், போன் எடுத்துவிட்டுப் போங்கள். விதிகள் பிறகு மாறிவிட்டன என்கிறார்கள். பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் விசாரியுங்கள். என்னை நம்பாதீர்கள்.

அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, அடுத்த புதன்கிழமை, நான் தனியாகப் போனேன். அதே 12.33. அலுவலகத்தில் அதே பெண். சொன்னதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அப்படி ஒன்று இல்லை என்றாள். அப்படியானால் எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு தாள் தந்தாள்.

மாலி கணவனோடுதான் வாழ்கிறாள், நான் பொறாமையில் பொய் சொன்னேன் என்று எழுதினேன். அந்தப் பெண் வாசித்துவிட்டு, அடையாளத்துக்கு நான் கொடுத்திருந்த கார்டை மேசையில் என் பக்கம் தள்ளினாள்.

"உங்கட வழக்கு இன்னும் முடியேல்ல. பொய் சொன்ன ஆள் எண்டு உங்கட கையாலேயே எழுதியிருக்கிறீங்கள். யோசிச்சீங்களோ?"

"ஓம்" என்றேன்.

முழுப் பெயர், பிறந்த தேதி, என் கார்டின் இலக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். 15.52 பஸ்ஸில் திரும்பி, ஆறு மணிக்குச் சலவை அறையில் வேலைக்கு நின்றேன்.