ஹெர்மினியா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனது

சாமர் தீவில் எங்கள் கரையில் மீன் காயவைக்கும் பெண்களில் ஹெர்மினியாவின் வாய்க்குத்தான் எல்லோரும் பயப்படுவோம். சின்னவர்கள் அவளை அக்கா என்கிற மாதிரி 'மனா' என்று கூப்பிடுவோம். அவள் புருஷன் தியோடோரோ நேர்மாறு. வீட்டில் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் கடலில் போய்க் கொட்டுகிறான் என்று அவளே கேலி செய்வாள்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. படகில் கொண்டுபோய், டவுன் படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பில்லைக் கட்டினால்தான் வெளியே விடுவோம் என்றார்கள். வாசலில் காவலாளி. கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு அவனை வராந்தா பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அவள் படகை விற்றாள். டவுனில் வீடு வீடாகப் போய்த் துணி துவைத்தாள். கட்டக் கட்ட, தங்கியிருந்த நாட்களுக்கும் சேர்த்து பில் வளர்ந்துகொண்டே போனது. வராந்தாவில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே கிடந்தவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் ஏறி, அங்கேயே செத்துப்போனான்.

உடலையும் உடனே தரவில்லை. ஒரு கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று அழுது, அவர் ஆள்விட்டுச் சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள். அடுத்தவர் படகில், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்து சேர்ந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது.

"நல்லாத்தான் ஆயிருந்தாரு. நடந்து வரவேண்டிய மனுஷன்," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப்பின் யாராவது டவுன் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் போதும். "போங்க, போங்க. உள்ள போறதுக்கு மட்டும்தான் அங்க வழி வச்சிருக்கான்," என்பாள். கண்ணால் கண்டவள் சொல்வதை யார் தட்டுவது? இருமல்காரர்கள் இருமலை மறைத்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு இலைச்சாறு தடவினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரொடேல் என்ற இளைஞனைச் சர்க்கார் ஊருக்கு நர்ஸாக அனுப்பியது. சுகாதார நிலையம் என்பது ஒரே அறை. அதன் கதவைப் புயல் கொண்டுபோய் வெகுநாளாகியிருந்தது. ஒருத்தரும் எட்டிப் பார்க்காததால் அவனே மீன் காயும் இடத்துக்கு வந்தான்.

"என்ன தம்பி, ஆள் பிடிக்க வந்தியா?" என்றாள் ஹெர்மினியா.

"பிடிச்சு எங்க மனா வைக்கிறது? என் ஆஸ்பத்திரிக்குக் கதவே இல்லையே."

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. அவன் உட்கார்ந்து அவர்களோடு மீனைப் பிளந்தான், விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டான். தினமும் வந்தான். ஒருநாள் தியோடோரோவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லா ஆஸ்பத்திரியும் அப்படியில்லை என்று அவன் வாதாடவில்லை. "அவங்க செஞ்சது அநியாயம் மனா," என்றான். மறுநாள் அவள் அவனிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

ஹெர்மினியாவின் பக்கத்து வீட்டுக்காரி பாசிங்கின் மகள் ஜோலினா அப்போது நிறைமாதம். முகமும் காலும் வீங்கி, தலைவலி தாங்கவில்லை என்றாள். ரொடேல் பார்த்துவிட்டு, உடனே டவுன் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றான். பாசிங் அவனைப் பார்க்கவில்லை, ஹெர்மினியாவைப் பார்த்தாள்.

"நீ என்ன சொல்ற மனா?"

"பிரஷர் பாக்குறது வேற, ஆஸ்பத்திரி வேற. புள்ளையப் பெத்துட்டு அங்கயே கெடக்கணுமா? இங்கயே பெத்துக்கட்டும்."

ரொடேல் கெஞ்சினான். படகுக்காரனைக்கூடக் கூட்டிவந்து நிறுத்தினான். பாசிங் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் உச்சிவெயிலில் ஜோலினாவுக்கு வலிப்பு வந்தது. அவன் ஓடிவந்து தன்னிடமிருந்த ஊசியைப் போட்டான். பலிக்கவில்லை. தாயும் போனாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போனது.

அடக்கம் முடிந்து ஹெர்மினியா சுகாதார நிலையத்துக்குப் போய் நின்றாள். "திட்டுடா என்னை," என்றாள்.

அவன் திட்டவில்லை. "அடுத்த தடவை நீயும் கூட வா," என்றான்.

போனாள். கர்ப்பிணியோ, இருமல்காரனோ, யாரை டவுனுக்கு அனுப்பினாலும் படகில் அவளும் ஏறினாள். முதல்முறை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியைக் கண்டதும் சுவரோரம் வாந்தி எடுத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். முன்பணம் கேட்டால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். நோயாளியைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பினாள். மனா கூட வருகிறாள் என்றால் எங்கள் ஆட்கள் கிளம்பினார்கள்.

எல்லோரும் பிழைத்துவிடவில்லை. ரொடேலும் நிலைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டார்கள், பதிலுக்கு யாரும் வரவில்லை. மருந்துப் பெட்டி காலியானது. அவள் மட்டும் படகேறிக்கொண்டிருந்தாள்.

பாசிங் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சர்க்கரை நோயில் கால்புண் கறுத்து, ஊரே மூக்கைப் பொத்துகிற நிலை வந்த பிறகுதான் ஹெர்மினியாவின் வாசலுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். "கூட வா," என்றாள். ஹெர்மினியா அவளைப் படகில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க. முழங்காலோட எடுத்தாகணும்," என்றார்.

அவர் போனபின் பாசிங் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அன்னைக்கு நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்," என்றாள்.

"ஆமா."

"இருந்திருந்தா இப்ப என் பக்கத்துல எம் பொண்ணு உக்காந்திருப்பா."

"ஆமா, பாசிங்."

பாசிங் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். ஹெர்மினியா எழுந்து போகவில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை அந்தக் கட்டிலோரமே உட்கார்ந்திருந்தாள்.