மூன்று பேர் மூழ்கடித்த கப்பல்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் புரோகிராமராக இருந்தேன். வெளித் துறைமுகங்களிலிருந்து டெலக்ஸ் தந்தியில் வரும் செய்திகளைக் கம்ப்யூட்டரே நேராகப் படித்து, எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அதைப் பழக்குவதுதான் என் வேலை. செய்திகள் முரண்பட்டால் எதை நம்புவது? அதிகம் பேர் சொல்வதை நம்பட்டும் என்று மேலாளர் விதி வைத்தார். "இது என்ன சார், எலெக்‌ஷனா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மழைநாள் மத்தியானம், திரையில் ஒரு கப்பலின் பெயருக்கு நேரே 'மூழ்கியது' என்று வந்தது. என் தம்பி வேலை பார்த்த கப்பல் அது. மேலாளரைக் கூப்பிட்டு, தம்பியின் கப்பல் என்றேன்.

மேலாளர் வந்து பார்த்தார். "மூணு போர்ட்லேர்ந்து சொல்றாங்கம்மா. வேற யாராச்சும் சொல்றதுக்குள்ள அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிடுங்க லா."

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். நெஞ்சுவலியில் படுத்து எழுந்து அதிக நாள் ஆகவில்லை. இதைச் சொன்னால் தாங்குவாளா? போனை எடுத்தேன், எண்ணைச் சுழற்ற மனம் வரவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்? போனை வைத்துவிட்டு அந்த மூன்று டெலக்ஸையும் அருகருகே பரப்பினேன்.

மூன்றிலும் ஒரே வாக்கியம், ஒரு வார்த்தைகூட மாறவில்லை. பக்கத்துத் துறைமுகத்துக்காரர் அனுப்பிய செய்தியைத் தன் செய்தி போலவே அடித்து அனுப்புவது ஏஜெண்டுகளின் வழக்கம். அப்படியென்றால் சொன்னது மூன்று பேர் இல்லை, ஒருவர்தான். சரி, இதற்கு மாறாக ஏதாவது வந்து, கம்ப்யூட்டர் அதைத் தள்ளியிருந்தால்?

தள்ளப்பட்ட செய்திகள் மூலையில் இருந்த பிரிண்டரில் அச்சாகிக் கிடக்கும். யாரும் அவற்றைத் தொடுவதில்லை. மேலாளர் "விடுங்கம்மா" என்று பின்னாலேயே வந்தார். காதில் வாங்காமல் தாளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது. அந்தக் கப்பலே அனுப்பிய செய்தி: புயலில் கெட்டிருந்த ரேடியோ இப்போது சரியாகிவிட்டது, எல்லோரும் நலம், சிங்கப்பூர் வந்துகொண்டிருக்கிறோம். மூன்றுக்கு எதிராக ஒன்று என்பதால் கம்ப்யூட்டர் அதைப் பொய் என்று ஒதுக்கியிருந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து கத்தினேன். "கப்பலே நான் இருக்கேன்னு சொல்லுது. அதுக்கும் ஒரு ஓட்டுதானா சார்?"

கப்பல் வந்து சேர்ந்த அன்று தம்பி என்னைக் கூட்டிப்போக ஆபீசுக்கு வந்தான். விதி இன்னும் மாறவில்லை. மேலிடத்து ஒப்புதல் வேண்டுமாம். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தான். அவன் கப்பல் அதில் இன்னும் மூழ்கித்தான் கிடந்தது.

"அக்கா, நான் உசிரோட இருக்கேன்னு சொல்ல இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வரணுமா?"

கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்தவள், வீட்டு வாசலில் அம்மாவைப் பார்க்கும்வரை விடவில்லை.