ஜெர்மேன் அக்காவின் மந்திர விதிகள்

புதன்கிழமை காலை தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். எப்போதும் வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர். "அக்கா போயிட்டாங்களாம். ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே அக்காதான்.

நம் அலுவலகத்தில் ஜெர்மேன் அக்காவைத் தட்டச்சு இயந்திரத்தோடுதான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை மதியங்களில் அவர் பூதங்களையும் மந்திரவாதிகளையும் கட்டி மேய்த்தது உங்களில் பலருக்குத் தெரியாது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய தம்பி ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காயெல்லாம் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பிரெஞ்சு விதிப் புத்தகத்தை அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, அவர் கணவர் அந்துவான், ஏழுமலை, நான் மூவரும் ஆடுவோம்.

மந்திரம் சொன்னதும் தீப்பிடிக்கும் என்று புத்தகத்தில் இருந்தது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எரியறதுக்கு ஏதாவது வேணாமா?" என்று கேட்டு, விறகின் ஈரம், காற்று, மூச்சு என்று இரண்டு பக்கத்துக்குப் புதிய விதி எழுதினார். அன்றைக்குக் கதையில் மழை. ஒரு கட்டையைப் பற்றவைக்க இரண்டு மணி நேரம் பகடை உருட்டினோம். அந்துவானின் போர்வீரன் குளிரில் விறைத்துச் செத்தே போனான். "மந்திரவாதியக் கூட்டிக்கிட்டு வந்ததுக்கு ஒரு தீப்பெட்டிய எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம்" என்றார் அவர். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்து, இரண்டு பக்கங்களையும் கிழித்துப் போட்டார். "பொய்க்கும் ஒரு நியாயம் வேணுந்தான். அதுக்காக நியாயமே பொய்ய முழுங்கிடக் கூடாது" என்றார்.

ஆனாலும் விடவில்லை. ஒருமுறை சொன்ன மந்திரம் அன்றைக்கு மறந்துபோகும் என்பது புத்தகத்தின் இன்னொரு விதி. எப்படி மறக்கும் என்று தெரிந்துகொள்ள, என்னோடு பேருந்தேறி எங்கள் ஊர் அம்பகரத்தூருக்கு வந்து, தேள்கடிக்கு மந்திரிக்கும் பெரியவரிடம் கேட்டார். "மந்திரம் எங்கம்மா மறக்கும்? தொண்டதான் கட்டிக்கும்" என்றார் அவர். அடுத்த சனிக்கிழமை முதல், மூன்று மந்திரம் சொன்ன மந்திரவாதிக்குக் குரல் போய்விடும். மிச்சக் கதை முழுக்கச் சைகைதான். 'பின்னால் ஓநாய்' என்று ஏழுமலை கையைக் காலை ஆட்டிச் சொன்னதை 'சாப்பிடலாம்' என்று நாங்கள் புரிந்துகொண்டு கடிபட்டோம். அந்த விதியை மாற்றவே இல்லை.

ஒரு வருடமாக நான் ஆடிவந்த பாத்திரம் ஒருநாள் ஆற்றில் மூழ்கி இறந்தது. செத்தவரை எழுப்பும் மந்திரம் புத்தகத்தில் உண்டு என்று எனக்குத் தெரியும். "எழுப்புங்க, எழுப்புங்க" என்று குதித்தேன். ஏழுமலையின் தம்பி காரைக்கால்மேட்டிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவன் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

"செத்தவன் எழுந்து வர்ற ஆட்டத்துக்கு நா வரலீங்க்கா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏழுமலை போய்விட்டார். நான் அழுதேன். புத்தகத்தில்தானே இருந்தது என்றேன். "இருக்கு கமலா. ஆனா நம்ம மேசையில யாரு உட்காந்திருக்காங்கன்னு புத்தகத்துக்குத் தெரியாதே" என்றார் அக்கா.

அந்த வாரம் அக்கா ஏழுமலை வீட்டுக்குப் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவர் வந்தார். அக்கா புது விதியைச் சொன்னார்: செத்தவர் எழ மாட்டார். ஆனால் மந்திரவாதி அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூச்சை அடக்கினால், அந்த மூச்சை விடுவதற்குள் பதில் வரும்.

மந்திரவாதி ஏழுமலைதான். பகடை பலித்தது. என்னைப் பார்த்து, "கர தெரிஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உதவவில்லை. ஏழுமலையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. "தெரிஞ்சுது. வெளக்கு தெரிஞ்சுது. யாரோ நிக்கிறதுகூடத் தெரிஞ்சுது" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். பகடையை அக்கா பக்கம் தள்ளினார். பிறகு, "சரி, ஆட்டத்தப் போடுங்க்கா" என்றார்.

அந்த விதியை மட்டும் அக்கா எழுதி வைக்கவில்லை. "அது நடந்தது நெசமா, வெளையாட்டான்னு எனக்கே தெரியல. தெரியாதத எப்படி எழுதறது?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, பையை அடுக்கியபடியே என்னைக் கூப்பிட்டார். "ஒரு மந்திரம் பலிக்கலைன்னாலும் ஆடறவங்களுக்கு ஏமாத்தமா இருக்கக் கூடாது. அதுக்கு என்ன விதி போடலாம்? யோசிச்சு வை, வந்து கேக்கறேன்."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான். அடக்கம் முடிந்து வரும் வழியில் அதை ஏழுமலையிடம் சொன்னேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று யோசித்தோம். அவர் ஒன்று சொன்னார். நான் அது சரிவராது என்றேன். நான் ஒன்று சொன்னேன், அவர் மறுத்துத் தலையாட்டினார். பேசிக்கொண்டிருந்ததில் என் பேருந்து போய்விட்டது.