மக்டூகல் என்றொரு தமிழன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குத் தனி பிரேக் உண்டு, தனி உயிர்தான் கிடையாது. ஹம்பேர்க்கில் பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை என் பெயர். ஜெர்மன் படிவங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குச் சொன்னால் புரியும். இலங்கை மலையகத்தில் மக்டூகல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அப்பாவை, மற்ற ராமையாக்களிலிருந்து பிரித்துச் சொல்ல, 'மக்டூகல் ராமையா' என்பார்கள். அகதியாக வந்த இடத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நம்மிடம் ஏது அது? முன்னால் இருந்ததைச் சொல்லிவிட்டார். தோட்டத்தைத் திறந்த ஸ்கொட்லாந்துத் துரையின் பெயர் இப்படித்தான் எங்கள் தலையில் விழுந்தது. என் கார்க் கூரைப் பலகையிலும் அதுதான்.

இடப்பக்கம்

பேத்தியைப் பயிற்சிக்குச் சேர்க்க ஒரு ஜெர்மன் தாத்தா வந்தார். போனில் நன்றாகப் பேசியவர், என்னை நேரில் கண்டதும் உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "நான்தான் மக்டூகல்" என்றேன். நிறத்தைப் பற்றி ஏதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கொட்லாந்தை நினைத்தாரோ இலங்கையை நினைத்தாரோ, இரண்டுக்கும் பொருந்தும்படி கேட்டார்:

"உங்கள் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவார்களே, இங்கே குழம்பிவிட மாட்டீர்களே?"

பிரபலங்கள்

மாணவன் லூக்காஸ் பாடத்துக்கு முன் போனை நீட்டினான். உலகத்து மக்டூகல்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். தளபதி, தாவர ஆராய்ச்சியாளர், பாடகி, கால்பந்து வீரர்கள். வருடத்துக்கு ஒருவனாவது இந்தப் பட்டியலைத் தேடி எடுத்து வந்துவிடுகிறான். அன்று நாற்சந்தியில் மூன்று முறை எஞ்சினை அணையவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி சொன்னான்:

"இத்தனை பேரில் ஒருவர்கூட டிரைவர் இல்லை, ஹெர் மக்டூகல். என் தப்பு மட்டுமில்லை."

எந்த டிவிஷன்?

மனைவிக்கு மாதம் நெருங்கியது. எங்கள் ஆட்களின் முதுகை ஒடித்த துரையின் பெயரைப் பிள்ளையும் சுமப்பதா? நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. பெயரை ராமையா என்று மாற்ற அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் செல்வி வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. பலகையைப் பார்த்தே வந்தாராம். ஸ்டியரிங்கைத் தொடுமுன் கேட்டார்: "நீங்க மக்டூகல்ல மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா?"

தோட்டத்துப் பகுதிகளை அங்கே டிவிஷன் என்பார்கள்; அவரும் அதே தோட்டம். ஜெர்மனியில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இருந்தாலும், துரை பெயர் வேண்டாம் என்று மாற்றப்போவதைச் சொன்னேன். அவர் காரின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"தொரை கொஞ்ச காலம் இருந்துட்டுக் கப்பலேறிட்டாரு. நாலு தலமொறயா அங்கன கெடந்தது நாமதானே அண்ணே. அப்ப அது யாரு பேரு?"

மகளை மக்டூகல் என்றே பதிந்தாயிற்று. ஸ்கொட்லாந்தில் அதே பெயரோடு இருப்பவர்கள் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும்.