கவிழ்ந்தே கிடந்த இரண்டு சீட்டுகள்

பெர்னிக் நகரத்தில், ஆடுகிறவர் முதுகைப் பார்த்தே கையில் இருக்கும் சீட்டைச் சொல்லிவிடுகிறவள் நான் ஒருத்திதான். கூட்டித்தான் சொல்கிறேன், பாதியைத் தள்ளிவிட்டு வாசியுங்கள்.

பக்கத்து வீட்டு போகொமிலா சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவள். தொங்கும் சுமை ஆடி அடங்கும்வரை நெம்புகோலைத் தொடமாட்டாள். அந்தப் பொறுமை போக்கர் மேசையில் மட்டும் அவளைக் கைவிட்டுவிடும்.

அவள் கணவர் வேல்கோ நிலக்கரி வெட்டியவர். தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. படுத்தபடி கடலைப் பார்க்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். எங்கள் கிளப் போக்கர் போட்டியில் கடைசிவரை நிற்கும் மூன்று பேருக்குக் கடற்கரை நகரம் வர்னாவின் பெரிய போட்டியில் இடம், கூடவே கடல் பார்த்த அறை. மூவருக்கும் ஒரே பரிசு.

போன வருஷம் நால்வர் மிஞ்சியபோது, அவர்களில் ஒருவனான ஒக்னியான் தன் பந்தயச் சில்லுகள் மொத்தத்தையும் முன்னே தள்ளினான். போகொமிலாவிடம் இரண்டு ராஜா. விடுவாளா? தன் மொத்தத்தையும் வைத்தாள், தோற்றாள். அறை போயிற்று.

இந்த வருஷமும் அதே நிலை. நால்வரில் ராங்கெலிடம் அடுத்த ஆட்டத்துக்குக் கட்டாயம் வைக்க வேண்டியதற்கே சில்லு போதாது. எல்லோரையும்விட அதிகம் குவித்திருந்த ஒக்னியான் மறுபடியும் மொத்தத்தையும் தள்ளினான். மற்ற இருவரும் ஒதுங்க, அவன் போகொமிலாவைப் பார்த்தான்.

"என்ன அத்தை, வர்றீங்களா? இல்ல, போன வருஷத்து ராஜாவுக்கு இன்னும் துக்கம் முடியலையா?"

"வாயை மூடிட்டு சூரியகாந்தி விதையைக் கொறிடா."

ராங்கெல் அவள் சில்லுகளையே பார்த்தான். அவள் பந்தயத்தை ஏற்றுத் தோற்றால் அறை அவனுக்கு. ஜெயித்தாலும் அவளுக்கு இரண்டு அறையா தரப்போகிறார்கள்?

பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, அவள் முதுகுக்குப் பின்னால் நான். சீட்டின்மேல் கையைப் பொத்தியிருந்தாள். அடியில் இரண்டு ஆஸ்! இந்தக் கண்ணால் பார்த்தேன். அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. அவள் இரண்டையும் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிட்டாள்.

அடுத்த ஆட்டத்திலேயே ராங்கெல் வெளியேறினான்.

வர்னாவில் அவள் சீக்கிரமே தோற்றுவிட்டு அறைக்கு ஓடினாளாம். வேல்கோ ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னைவிடப் பலமா இருமுதுடி இந்தக் கடல்," என்றாராம். திராட்சை பறிக்கும் காலத்துக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதை எழுதி போகொமிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தவள் தோலுரிப்பதை நிறுத்தினாள்.

"ஆஸா? யாரு பார்த்தா? அக்கா, நானே அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்க்கலையே. பார்த்திருந்தா என்னால விட்டிருக்க முடியுமா?"